பிள்ளைக்கு சீலியாக் நோயா? பரிசோதனைக்கு முன்னால் பரோட்டாவை நிறுத்த வேண்டாம்

"நல்லாத்தான் சாப்பிடுறான், ஆனா உடம்புல ஒட்டவே மாட்டேங்குது." வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் கவலைப்பட ஒன்றும் இருக்காது. ஆனால் சில பிள்ளைகளுக்கு, சாப்பிட்ட சத்து உண்மையிலேயே உடலில் சேர்வதில்லை. அதற்கான காரணங்களில் ஒன்று சீலியாக் நோய்.

சீலியாக்னா என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்ற புரதம் உள்ளது. சீலியாக் உள்ள பிள்ளை அதைச் சாப்பிட்டால், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உள்ளிழுக்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும்.

வேர்க்கடலை அலர்ஜி மாதிரி உடனே முகம் வீங்காது. பாதிப்பு மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும்.

நம்ம வீட்ல சோறுதானே, நமக்கு வருமா?

உலக அளவில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. இந்தியாவில் வட மாநிலங்களில் அதிகம், தெற்கே மிகக் குறைவு. ஆனால் நோய்க்கு வழிவிடும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்படுகின்றன. பெரிய வித்தியாசம், கோதுமை சாப்பிடும் அளவில்தான். காலையில் ரொட்டி, பள்ளியில் மீ, இரவில் பரோட்டா என்று சாப்பிடும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு 'அரிசிக் குடும்பம்' என்ற கணக்கு பொருந்தாது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ சீலியாக் இருந்தால் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. முதல் வகை நீரிழிவு, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம்.

என்ன அறிகுறிகள்?

கைக்குழந்தைகள், சின்னப் பிள்ளைகள்:
- வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு
- உப்பிய வயிறு, மெலிந்த கை கால்
- எடை கூடாமை, ஓயாத சிணுங்கல்

பள்ளிப் பிள்ளைகள், பதின்ம வயதினர்:
- அடிக்கடி வயிற்றுவலி, சிலருக்கு மலச்சிக்கல்
- இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் சரியாகாத ரத்தசோகை
- உயரம் கூடாமை, தாமதமாகப் பருவமடைதல்
- வாய்ப்புண், பல் எனாமலில் குறை, எப்போதும் சோர்வு

சிலருக்கு வயிற்றில் எந்தத் தொல்லையும் இருக்காது. அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

1. முதலில் ரத்தப் பரிசோதனை. டிடிஜி-ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளின் அளவையும், மொத்த ஐஜிஏ அளவையும் பார்ப்பார்கள். உடலில் ஐஜிஏ இயல்பாகவே குறைவாக இருந்தால் முதல் முடிவு தவறாக 'இல்லை' என்று காட்டக்கூடும்.

2. அளவு அதிகமாக இருந்தால் குழந்தைகளுக்கான இரைப்பை, குடல் நிபுணரிடம் அனுப்புவார்கள். மயக்க மருந்து கொடுத்து, வாய்வழியாக மெல்லிய குழாய் கேமராவைச் செலுத்தி, சிறுகுடலிலிருந்து சின்னஞ்சிறு திசுக்களை எடுத்துச் சோதிப்பார்கள்.

3. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படாது. 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டியின்படி, டிடிஜி-ஐஜிஏ இயல்பு வரம்பைவிட 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இன்னொரு ரத்த மாதிரியில் இஎம்ஏ எதிர்ப்பொருளும் இருந்தால், திசுச் சோதனை இல்லாமலே நோயை உறுதிசெய்யலாம்.

ஏன் முன்கூட்டியே நிறுத்தக்கூடாது?

குளுட்டனை நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லந்தில் ரொட்டிப் பஞ்சம் வந்தபோது, சீலியாக் பிள்ளைகளின் உடல்நிலை தேறியது. ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. கோதுமை மீது ஏற்கெனவே சந்தேகம் கொண்டிருந்த மருத்துவர் வில்லெம் டிக்கவுக்கு அது முக்கியச் சான்றானது.

அதே காரணத்தால்தான் பரிசோதனையும் ஏமாற்றிவிடும். குளுட்டன் இல்லாவிட்டால் எதிர்ப்பொருள் குறையும், திசு இயல்பாகத் தெரியும். 'நோய் இல்லை' என்று முடிவு வரலாம். பிறகு உறுதிசெய்ய, பிள்ளைக்கு மறுபடியும் பல வாரம் கோதுமை கொடுத்து, பழைய தொல்லையை வரவழைக்க வேண்டியிருக்கும்.

உறுதியானால்?

மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளுட்டன் இல்லாத உணவுதான் சிகிச்சை. சோறு, இட்லி, இடியாப்பம், கேழ்வரகு எல்லாம் சரி. பரோட்டா, ரவை, மஞ்சள் மீ, மால்ட் பானங்கள் கூடாது. சோயா சாஸிலும் பெருங்காயத் தூளிலும் பெரும்பாலும் கோதுமை கலந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள். சரியான உணவு கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறி வளர்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால், பிள்ளையின் சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சி வரைபடத்துடன் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போங்கள். "சீலியாக் டெஸ்ட் எடுக்கலாமா?" என்று நேரடியாகவே கேளுங்கள். அதுவரை சாப்பாட்டை மாற்ற வேண்டாம்.