மிதித்த மனையிலே முழங்கால்



ஜப்பானின் நாகசாகி நகரில், உரகாமி என்னும் பகுதியில் ஒரு மேட்டின்மேல் பேராலயம் ஒன்று நிற்கிறது. அது கட்டப்பட்ட மனையின் வரலாறு சில நாட்களாக என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

1614-ல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவ மார்க்கம் தடைசெய்யப்பட்டது. உரகாமி அப்போது நகருக்கு வெளியே இருந்த உழவர் கிராமம். ஆண்டுதோறும் அக்கிராமத்தார் ஊர்த்தலைவரின் வீட்டிற்கு அழைக்கப்பட்டார்கள். தரையிலே கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகடு வைக்கப்பட்டிருக்கும். அதிகாரிகள் பார்த்திருக்க, ஒவ்வொருவரும் அதை மிதித்துக் கடக்கவேண்டும். மறுத்தவர்களுக்குச் சிறையும் வாதையும் காத்திருந்தன. அவர்கள் மிதித்தார்கள். பின்பு வீடு திரும்பி, கதவை அடைத்து, மனஸ்தாப ஜெபம் சொன்னார்கள். ஊரின் கண்களுக்குப் புத்த மடத்தில் பதிவுபெற்ற குடும்பம். உள்ளறையிலோ மறைவான திருச்சபை. குருமார் இல்லை, குடியானவர்களே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இப்படியே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அவர்களைத் தீர்ப்பிட எனக்குத் துணிவில்லை. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுருவுக்கு நேரிட்டது ஒரே இரவு. இவர்களுக்கோ அது வருஷந்தோறும் வந்தது.

1865-ல், அந்நியர்களுக்கென்று நாகசாகியில் கட்டப்பட்டிருந்த ஓவுரா ஆலயத்துக்கு உரகாமியார் சிலர் வந்தார்கள். தங்கள் இருதயமும் அவருடைய இருதயமும் ஒன்றே என்று ஒரு பெண் பெத்திஜான் குருவின் அருகில் வந்து மெல்லச் சொன்னாள். அந்த வெளிப்பாட்டுக்கு விலை கொடுக்கவேண்டியதாயிற்று. ஏறக்குறைய 3,400 பேர் நாட்டின் பல இடங்களுக்குச் சிறைப்படுத்திக் கொண்டுபோகப்பட்டார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். 1873-ல் தடை நீங்கி, மீந்தவர்கள் ஊர் திரும்பினார்கள்.

ஏழைகளாய்த் திரும்பியவர்கள் 1880-ல் ஓர் இடத்தை விலைக்கு வாங்கினார்கள். தங்கள் முன்னோர் தலைமுறை தலைமுறையாய்த் தகட்டை மிதித்த அந்த ஊர்த்தலைவரின் மனை! வேறு நிலம் கிடைக்காமலா போயிருக்கும்? அதே மண்ணில் முழங்காற்படியிடவே அவர்கள் விரும்பினார்கள் என்று எண்ணுகிறேன். 1895-ல் தொடங்கிய செங்கல் ஆலயம் 1914-ல் பிரதிஷ்டையாயிற்று.

1945 ஆகஸ்டு 9 அன்று, காலை 11:02 மணிக்கு, அணுகுண்டு அவ்வாலயத்திலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில் வெடித்தது. ஏறக்குறைய 12,000 பேர் இருந்த சபையில் சுமார் 8,500 பேர் மாண்டார்கள். அவ்வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், இடிபாடுகளுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த ஆலயமணியை மீந்திருந்தவர்கள் ஒலித்தார்கள். 1959-ல் அதே மனையில் மீண்டும் ஆலயம் எழும்பியது. அன்று சரிந்து விழுந்த மணிக்கோபுரத்தின் பகுதி, மேட்டின் சரிவில், விழுந்த இடத்துக்கருகே இன்றும் கிடக்கிறது.