கோலும் கணினியும்: அரங்க வரைபடத்தின் கதை

நாடகம் முடிந்ததும் நடிகர்களைப் பாராட்டுகிறோம். மேடையை அளந்தவர் யார், விளக்குக் கட்டியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. இளங்கோவடிகள் அப்படி விட்டுவிடவில்லை. மாதவி ஆடிய மேடையின் அளவுகளைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் வரிசையாகச் சொல்லிவிட்டார். 24 விரல் கொண்டது ஒரு கோல். மேடை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். வாயில்கள் இரண்டு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு நிறுத்தினார்களாம்! ஒரு விரல் முக்கால் அங்குலம் என்று கொண்டால், மேடை 10.5 அடிக்கு 12 அடி. அளவு எழுத்தில் இருப்பதால் இன்றைக்கும் ஒரு மாணவர் அதைக் கணினியில் வரைந்துவிடலாம்.

இன்னொரு கதையும் உண்டு. டெல்லியில் வளர்ந்த ஒளியமைப்பாளர் தபஸ் சென், 1959-இல் கல்கத்தா மினர்வா அரங்கில், உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்துக்கு ஒளி அமைத்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியாலேயே காட்டிவிட்டார். 2006-இல் அவர் மறைந்தார். அந்த வெள்ளத்தை நம்மில் பெரும்பாலோர் அறிவது, பார்த்தவர்கள் சொல்லக் கேட்டுத்தான்.

1982-இல் ஆட்டோகேட் வந்தது. 1985-இல் வந்த மினிகேட், பிறகு வெக்டர்வொர்க்ஸ் ஆயிற்று. அதில் மேடை ஒளிக்கென்றே ஸ்பாட்லைட் என்ற பகுதி சேர்ந்தது. வேலை முறை எளிதுதான். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல, மேடை ஒரு லேயரில், செட் ஒன்றில், விளக்குகள் ஒன்றில். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு குறியீடு; அதோடு அதன் எண், வண்ணத் தாள், இணைப்பு எல்லாம் பதிவாகும். குறுக்குவெட்டுப் படத்தில் விளக்கிலிருந்து நடிகர் முகத்துக்கு ஒரு கோடு இழுத்தால், நடுவில் எது மறைக்கிறது என்று தெரிந்துவிடும். அன்றைய தூண் நிழல் கேள்வியேதான் இது!

ஆனால் மென்பொருளுக்கு ஹாலைத் தெரியாது. தப்பான அளவைக் கொடுத்தால் தப்பான மேடையை அழகாக வரைந்து கொடுக்கும். செட் வாசலில் நுழையாதபோதுதான் விஷயம் புரியும். ஆகவே இதைக் கற்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் டேப்பை எடுத்து மேடையை அளக்கட்டும்; மௌஸைப் பிறகு தொடலாம். ஆண்டுவிழா நாடகம் முடிந்ததும் வரைபடத்தைத் தாளில் அச்செடுத்துச் சங்க அலமாரியில் வைக்கட்டும். கணினிக் கோப்பு ஒருநாள் திறக்காமல் போகலாம். அடுத்த தலைமுறைக்கு அந்தத் தாள் பேசும்.