முதுசம் கைமாறிய கதை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, நெல் விளையும் பூமி. கிழக்கே கடலோரமாய் எழுவான்கரை. அந்தக் காலத்தில் எழுவான்கரையில் முக்குவச் சமூகத்துப் போடியார், அதாவது நிலக்கிழார், ஒருவர் கண்ணை மூடினால், படுவான்கரை வயல் அவர் பிள்ளைகளுக்குப் போகாது. தாய்வழி வந்த முதுசம் தாய்வழிக்கே போக வேண்டும் என்பது முறை. அவருடைய சகோதரியின் பிள்ளைகள், அதாவது மருமக்கள், அதை எடுத்துக்கொண்டார்கள். சொந்த உழைப்பில் சேர்த்த தேட்டம்தான் பிள்ளைகளுக்கு. தகப்பனோடு வரம்பு கட்டிய மகன், செத்தவீடு முடிந்ததும் அதே வரம்பில் அந்நியனாக நின்றான். மகளை மருமகனுக்கே கட்டிவைத்தால் வயல் வீட்டைவிட்டுப் போகாது. தோதான மருமகன் இல்லாத வீட்டில் என்ன செய்வது?

வழி கொழும்பிலிருந்து, யாரும் கேட்காமலே வந்தது. காணியைக் கைமாற்றுவதானால் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு உறுதி முடித்தாக வேண்டும் என்றது 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மோசடியைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனால் உயிரோடிருக்கும் தகப்பன் கையில் ஒரு பேனாவையும் கொடுத்துவிட்டது. அதன் வலு தெரிய இன்னும் 36 ஆண்டுகள் ஆயின.

1876-இல் கிறிஸ்டோபர் பிரிட்டோ முக்குவர் சட்டத்தைத் திரட்டி ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதே ஆண்டில் பிறந்தது 15-ஆம் இலக்கத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம். கணவன் மனைவி சொத்தைப் பொதுவில் வைக்கும் ரோமன்–டச்சு வழக்கத்தைப் புதிய திருமணங்களுக்கு அது நீக்கியது. மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி துணைக்கு, மீதி பிள்ளைகளுக்கு. கண்டியருக்கும், முஸ்லிம்களுக்கும், தேசவழமைக்கு உட்பட்ட வட மாகாணத் தமிழருக்கும் விலக்கு உண்டு. கிழக்கிலங்கைத் தமிழர் அந்தப் பட்டியலில் இல்லை! புத்தகமாகிய அதே ஆண்டில் முக்குவ முறையின் காலடி மண் சரிந்தது. மருமக்களின் உரிமை போயிற்று. ஆனால் ஆணும் பெண்ணும் சமமாய்ப் பங்கு கேட்டால் தாய்வழிக் குடியின் வளவு என்னாகும்?

அப்போதுதான் அந்தப் பேனா வேலைக்கு வந்தது. சாகும்வரை காத்திருந்தால்தானே பங்கு? கல்யாணத்தின்போதே மகள் பேருக்கு எழுதிவிட்டால்? வீடு, தென்னந்தோட்டம், முடிந்தால் ஒரு துண்டு வயல் என எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்தான். பெற்றோர் அதே வளவில் ஒரு சிறு குடிலுக்கு ஒதுங்கினார்கள். அடுத்த மகளுக்கு வீடு கட்ட அண்ணன் தம்பிகள் உழைத்தார்கள். பின்னாளில் இறந்தவர் சொத்துக்கு அரசு வரி கேட்டு, 1938-இலும் அதற்கொரு கட்டளைச் சட்டம் போட்டபோது, பல வருடங்களுக்கு முன்பே கைமாறிய அந்த வீடு தகப்பன் கணக்கில் இருக்கவில்லை.

இன்று மட்டக்களப்பில் கல்யாணப் பேச்சு தொடங்கியதும் கேட்கப்படும் சீதன உறுதி பிறந்தது இப்படித்தான். சட்டம் விலக்கிவைத்த காத்தான்குடி முஸ்லிம் குடும்பங்களிலும் வீடு மகளுக்கே. கட்டிக்கொடுக்கும் குடும்பத்துக்கு அது பெரும் சுமைதான். ஆனாலும் பெண்ணை அவள் வீட்டிலிருந்து இறங்கிப் போ என்று சொல்ல யாராலும் முடியவில்லை, 2004 டிசம்பர் 26 வரை.

ஆழிப்பேரலை கரையோர வீடுகளை அள்ளிப் போனது. புதிய வீடு கொடுக்க வந்தவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, ஆணின் பேரை எழுதினார்கள். சீதன வீட்டை இழந்த பெண்ணுக்கு இது இரண்டாவது இழப்பு, அதுவும் பெரும் அநியாயம். பெண்கள் அமைப்புகள் குரல் எழுப்பின. ஏனென்றால் கணவன் பேரில் உறுதி முடிக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களில், அவன் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் 1876-ஆம் ஆண்டுச் சட்டமே திரும்பி வரும். முன்பு முழு வீட்டுக்கும் சொந்தக்காரியாக இருந்தவளுக்கு அப்போது கிடைப்பது பாதி.