அனுப்பியவர்களும் சென்றவர்களும்



ஊரைவிட்டுப் போவது தோட்டப்புற மக்களாகிய நமக்குப் புதிய செய்தி அன்று. நம் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களை விட்டுக் கப்பலேறி வந்தார்கள். பேராக் மாநிலத்துக் காடுகளை அழித்து ரப்பர் நட்டார்கள். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் ஈப்போவிலும் அதைச் சுற்றியுள்ள பட்டணங்களிலும் குடியேறினார்கள். அப்படிப் போனவர்கள் வீட்டை மட்டும் விட்டுப் போகவில்லை. தாங்கள் கும்பிட்ட கோவிலை, சிறிய ஜெபக்கூடத்தை, ஒன்றாக அமர்ந்து பாடிய கூட்டத்தையும் விட்டுப் போனார்கள்.

பிழைப்புக்காகப் போவது ஒருவகை. ஒருவரும் துரத்தாதபோது, தம்மை நேசிக்கும் சபையை விட்டு, இன்னோர் இடத்தில் தொண்டு தொடங்கப் போவது வேறொரு வகை. அப்படிப் போனவர்களின் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரானாலும் இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு.

முதலில் நம் பேராக் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். பாகான் செராய் என்ற ஊரில் சூசையப்பர் ஆலயமும், சூசைபாளையம் என்ற குடியிருப்பும் உண்டு. 1880-களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை அங்கே குடியேற்றினார். 1896-இல் அவர் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார், 1904-இல் காலமானார். அவருக்குப் பின்னும் அந்தக் குடியிருப்பு நிலைத்து நின்றது. ஒருவர் தொடங்கிய பணி அவரோடு முடிந்துவிட வேண்டியதில்லை என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சான்று.

இனி, நம்மில் பலருடைய பூர்வீகமான திருநெல்வேலிச் சீமைக்குப் போவோம்.

1874-ஆம் ஆண்டு வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் ஒரு குருவானவரின் மகனாக வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். அவருக்குப் பதினைந்து வயதானபோது தந்தை இறந்துவிட்டார். தாயாரின் கண்டிப்பிலும் அன்பிலும் வளர்ந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார்.

அக்காலத்தில் திருநெல்வேலிச் சபை பெரிய சபை. பள்ளிகள் இருந்தன, மருத்துவமனைகள் இருந்தன, கோபுரம் உயர்ந்த ஆலயங்கள் இருந்தன. ஆனால் வெளியூருக்கு ஊழியரை அனுப்புவது வெள்ளைக்காரர்களின் வேலை என்றே மக்கள் எண்ணியிருந்தார்கள். 1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசைச் சேர்த்து, கடலுக்கு இக்கரையில் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும், யாழ்ப்பாணத்தாரால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது.

அதன் விளைவாக 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், பனையேறிகளும் விவசாயிகளும் ஆசிரியர்களும் கொடுத்த சிறு காணிக்கைகளை நம்பி அது நடந்தது.

எங்கே அனுப்புவது? ஐதராபாத் நிஜாம் ஆட்சியின் கீழிருந்த தோர்ணக்கல் என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அது தெலங்கானா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே பேசுவது தெலுங்கு, தமிழ் செல்லாது. பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள், ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வைக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள். அந்த இடத்திற்கு முதல் ஊழியராகச் சாமுவேல் பாக்கியநாதன் என்பவர் சென்றார். பெரிய பெயர் எடுத்தவர்களைப் பற்றி நாம் பேசுகிறோம். அவர்களுக்கு முன்னே வழியமைத்தவர்களை மறந்துவிடுகிறோம். மொழி தெரியாத இடத்தில் முதல் ஆளாகப் போய் நின்றவர் பாக்கியநாதன் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அசரியாவோ சங்கத்தின் செயலாளராக இருந்து, கூட்டம் கூட்டமாக வாலிபர்களைச் சந்தித்து, போங்கள் என்று சொல்லிவந்தார். 1905 டிசம்பர் 25-ஆம் நாள் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் அவர் முன்னணியில் நின்றார். 1907-இல் தோக்கியோ மாநாட்டுக்கும் சென்றுவந்தார். நாடறிந்த பேச்சாளர், மதிப்பான பதவி. ஆனாலும் பிறரைப் போகச் சொல்லும் நாம் ஏன் போகவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. 1909-இல் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். முப்பத்தைந்து வயது மனிதர் புது மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. தொடக்க நாட்களில் கூடாரத்தில் வசித்தார்கள். குளிரும் மழையும் காய்ச்சலும் உண்டு. மேடையில் ஆயிரம் பேரைக் கட்டிப்போட்ட நாவு, ஒரு கூலியாளிடம் நலம் விசாரிக்கத் தடுமாறியிருக்கும். தாய்மொழியில் பாடிய பாட்டு இல்லை. தெரிந்த முகம் இல்லை. முன்பின் தெரியாத மலாயாக் காட்டில் வந்து இறங்கிய நம் பாட்டன் பாட்டிமார் பட்டதும் இதுதானே! சபையை விட்டுப் புறப்படுகிறவர் முதலில் இழப்பது தம் பேச்சின் வல்லமையை. அதைத் திரும்பப் பெறப் பொறுமை வேண்டும்.

1910-இல் எடின்பரோ நகரில் நடந்த உலக மாநாட்டில் அசரியா பேசினார். வெள்ளைக்கார ஊழியர்கள் இந்திய ஊழியர்களை வேலையாட்களாக நடத்துகிறார்கள், நண்பர்களாக நடத்துவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சபையில் பலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. இந்தியரைப் பேராயராக்குவதா என்று ஐரோப்பியர் சிலர் எதிர்த்தார்கள். இந்தியரிலும் எதிர்த்தவர் உண்டு. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை.

அவர் செய்த வேலையை நாம் கவனிக்க வேண்டும். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். உள்ளூர் மக்களிலிருந்தே உபதேசியார்களையும் குருமார்களையும் பயிற்றுவித்தார். ஏழைகள் என்று இலவசமாய்க் கொடுத்துப் பழக்காமல், சமைக்கும்போது கைப்பிடி அரிசி ஒதுக்கிவைத்துத் தங்கள் சபையைத் தாங்களே தாங்கப் பழக்கினார். 1939 ஜனவரி 6-ஆம் நாள் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் தூண்கள் நம் கோவில் தூண்களைப் போன்றவை, தாமரை செதுக்கப்பட்டிருக்கும். மேலே பள்ளிவாசலை நினைவூட்டும் கும்மட்டங்கள். தாம் பிறந்த ஊரின் ஆலயத்தை அவர் அங்கே பெயர்த்து நடவில்லை. அந்த மண்ணின் ஆலயத்தையே எழுப்பினார். 1945 ஜனவரி 1-ஆம் நாள் அவர் காலமானபோது, அவர் உழைத்த தென்னிந்தியத் திருச்சபை ஒன்றிப்பு இன்னும் நிறைவேறவில்லை. அது 1947 செப்டம்பர் 27-ஆம் நாள்தான் நிறைவேறியது.

இதிலிருந்து நாம் காண்பது என்ன? அசரியாவை அனுப்பியதால் திருநெல்வேலிச் சபை குன்றிவிடவில்லை. அது அனுப்பியவர்களைக் காணிக்கையாலும் ஜெபத்தாலும் தாங்கியது. அதனால் அதன் பார்வை விரிந்தது. போகிறவர் ஒரு பங்கு பாடுபட்டால், அவரை மனமார வழியனுப்பிவிட்டுத் தங்கியிருப்பவர்களும் ஒரு பங்கு பாடுபடுகிறார்கள். போகிறவரைத் துரோகி என்பதும், தங்குகிறவரைக் கோழை என்பதும் தவறு.

நம்மிடையேயும் இது நடக்கிறது. தோட்டத்துச் சிறு சபையில் வளர்ந்த இளைஞர் ஒருவர், வேறு ஊரில் ஊழியம் செய்யப் போகிறேன் என்கிறார். பல ஆண்டு நம்மோடு இருந்த குருவானவர் மாற்றலாகிப் போகிறார். மனம் வலிக்கத்தான் செய்யும். வலிப்பது அன்பு இருந்ததற்கு அடையாளம். அழுதுகொண்டே வழியனுப்புவதில் வெட்கமில்லை. ஆனால் தடுக்காமல் அனுப்புவோம். அனுப்பிய பின் மறவாமல் தாங்குவோம்.

இன்னொன்றும் செய்யலாம். பல தோட்டங்களில் லயங்கள் இடிந்துவிட்டன. ஜெபக்கூடம் இருந்த இடமே தெரியாமல் போனதும் உண்டு. அங்கே யார் முதலில் ஜெபம் நடத்தினார், எந்த ஆண்டு கூரை வேய்ந்தார்கள், யார் எங்கே போனார்கள் என்பதை நம் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்போம். பாக்கியநாதனைப் போன்று முதலில் போனவர்கள் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள். அவர்களுடைய பெயரைக் காப்பாற்றுவது நம் கடமை.