வேலில் கட்டிய வேம்பு

நெடுநல்வாடை அகமா, புறமா என்பது பழைய வழக்கு. நக்கீரர் பாடிய 188 அடிகள். வாடைக் காற்று வீசும் இரவு. அரண்மனையில் அரசி உறங்காமல் கிடக்கிறாள். கட்டிலுக்கு மேலே விதானத்தில் சந்திரனோடு பிரியாமல் நிற்கும் உரோகிணியின் ஓவியத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அதே இரவில் பாசறையில் அரசனும் உறங்கவில்லை. புண்பட்ட வீரர்களைப் பார்க்க நடந்து போகிறான். முன்னால் போகிறவன் கையில் வேல். வேலின் தலையில் வேப்பந்தார்.

14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர் அந்த வேம்பைப் பிடித்துக்கொண்டார். வேம்பு பாண்டியனுக்கு உரிய பூ. ஆகவே இந்த அரசன் யாரோ ஓர் அரசன் இல்லை, பாண்டியன். அகப்பாட்டில் தலைவனை இன்னார் என்று சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. ஆகவே பாட்டு புறம்.

இலக்கிய வகுப்பில் நான் கற்பிக்க முயல்வது இதைத்தான். ஒரு கூற்று, பாட்டிலிருந்தே ஒரு சான்று, அந்தச் சான்று ஏன் அந்தக் கூற்றைத் தாங்கும் என்ற விளக்கம். மூன்றும் ஒரே பத்தியில். இதை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நம் ஆசிரியர்களில் சிலர் ஒதுக்குவதுண்டு. உரை மரபைப் புரட்டிப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அதற்காக உரையாசிரியர்களைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். இதே நச்சினார்க்கினியர் எங்கோ ஓர் அடியில் கிடக்கும் சொல்லை இழுத்து வந்து வேறோர் அடியோடு பொருத்திப் பொருள் சொல்வார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது இதை மறுத்தார். 103 அடிப் பாட்டு அது நிற்கிற வரிசையிலேயே பொருள் தருகிறது என்று காட்டினார். எவ்வளவு பெரிய உரையாசிரியர் என்பது அங்கே கணக்கில் வரவில்லை. பாட்டில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு.

கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் செய்த சோதனை இதன் மறுபக்கம். கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் எழுதித் தந்ததைத் தொகுத்து 1929இல் நூலாக்கினார். நன்றாகப் படித்த பிள்ளைகள்தாம். ஆனாலும் பலருக்குக் கவிதையின் நேர்ப்பொருளே பிடிபடவில்லை. முன்பே மனத்தில் தயாராக இருந்த உணர்ச்சியைக் கவிதையின் மேல் பூசிவிட்டார்கள். பெயர் தெரியாதபோது புகழவும் தெரியவில்லை, இகழவும் தெரியவில்லை.

நம் பிள்ளைகள் கதை வேறில்லை. "கவிஞர் மிக அழகாகப் பாடியுள்ளார்" என்று எழுதுவார்கள். எங்கப்பா அழகு, எந்தச் சொல்லுல என்று கேட்டால், "நோட்ஸ்ல அப்படித்தான் சார் இருக்கு" என்று பதில் வரும். அது பிள்ளையின் சோம்பல் இல்லை. அந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

பாடத்திட்டத்தில் இல்லாத நெடுநல்வாடையை ஐந்தாம் படிவ மாணவர்களிடம் எளிய உரைநடையோடு கொடுத்தேன். ஒரே கேள்வி: அகமா, புறமா? ஒரு பத்திதான் எழுதலாம். ஒரு பையன் வேம்பை வைத்துப் புறம் என்றான். ஒரு பெண், "வேம்பு பூதானே சார், பேரு இல்லியே. விதியில பேரைத்தானே சொல்லக் கூடாதுன்னு இருக்கு?" என்றாள். பாட்டு அரசியின் தவிப்பைச் சொல்லத்தான் இத்தனை அடி நடக்கிறது, ஆகவே அகம் என்று முடித்தாள். இருவர் கையிலும் இருந்தது அதே வேம்பு.

இங்கேதான் மூன்றாவது உறுப்பு முக்கியமாகிறது. சான்றிலிருந்து முடிவுக்குத் தாவ நமக்கு உரிமை தருவது எது என்ற கேள்வியை ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதம் பற்றிய தம் நூலில் தனியாகப் பிரித்து வைத்தார். பூவைச் சொல்வது பெயரைச் சொல்வதற்குச் சமமா? நச்சினார்க்கினியர் சமம் என்று கொண்டார். அந்தப் பெண் இல்லை என்றாள். சண்டை பாட்டைப் பற்றியதாகத் தெரிந்தாலும், உண்மையில் அந்த நடுப்பாலத்தைப் பற்றியது. நம் வகுப்புகளில் மேற்கோளை இறக்கி வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறோம். பாலம் கட்டுவதே இல்லை.

எஸ்.பி.எம் தேர்வில் 10 பாடங்களே எடுக்கலாம் என்ற வரம்பு வந்தபோது, தமிழ்மொழிக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் இடம் கேட்டு இந்த நாட்டில் குரல் எழுந்தது. 12 வரை எடுக்க வழி கிடைத்தது. அதற்குப் பிறகு பாடத்தைக் காப்பாற்ற, மாணவர் எண்ணிக்கையைக் கூட்ட, மாதிரி விடைகளை அச்சடித்துக் கொடுக்கிறோம். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பலர் சொந்தக் காசில் செய்கிறார்கள். ஆனால் போராடி வாங்கிய நாற்காலியில் மனப்பாடத்தை உட்கார வைத்தால், அங்கே இலக்கியம் எங்கே உட்காரும்?

வாரம் ஒரு பத்தி போதும். படிக்காத ஒரு பாட்டு, கவிஞர் பெயர் இல்லாமல். "நச்சினார்க்கினியர் சொல்றது தப்பு சார்" என்று ஒரு பதினேழு வயதுப் பெண் சொன்னால், நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்த அடியை வச்சு சொல்றே?"