புழுவெட்டும் அதன் மருந்துகளும்: ஒரு வரலாற்று நோக்கு

தலையிலோ தாடியிலோ நாணயமளவில் மயிர் உதிர்ந்து வழுவழுப்பான வட்டத் திட்டுக்கள் தோன்றும் நோயைத் தமிழர் புழுவெட்டு என வழங்குவர். கண்ணுக்குத் தெரியாத புழுவொன்று மயிரை வேரோடு அரித்துச் செல்கின்றது என்னும் எண்ணம் இப்பெயருள் பொதிந்துள்ளது. இதனைக் கல்லாதார் கற்பனையென ஒதுக்குவதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாரிசு நகரத்து அறிஞர் சிலர் ஏறத்தாழ இதே கருத்தினை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நிறுவ முயன்றனர். மருந்துகளைப் பற்றிய ஆய்வு மருத்துவ பீடத்தாருக்கே உரியதெனத் தோன்றலாம். ஆயின், ஒரு நோயின் காரணமெனக் கருதப்பட்டது காலந்தோறும் எவ்வாறு மாறிற்று, அதனோடு மருந்தும் எவ்வாறு மாறிற்று என்பது வரலாற்று மாணவருக்கும் உரிய வினாவேயாம்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமரான செல்சசு இந்நோயைத் தெளிவாக விவரித்துள்ளார். பிடரியிலிருந்து இரு காதுகளையும் நோக்கிப் பாம்புபோல் வளைந்து செல்லும் ஒரு வகையை அவர் வேறாகப் பிரித்துக் காட்டினார். பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த அப்பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் வழங்குகின்றது. நாள்தோறும் சவரக்கத்தியால் மழிப்பதே சிறந்தது என்பது அவரது முடிவு. நோய்க்கு இன்று வழங்கும் இலத்தீன் பெயரை 1763இல் பிரான்சைச் சேர்ந்த சோவாசு என்பவர் தமது நோய்ப் பகுப்பு நூலிற் பயன்படுத்தினார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மருத்துவம் பெரிதும் முன்னேறியதாகக் கூறமுடியாது.

1843இல் பாரிசில் பணியாற்றிய குரூபி என்னும் அங்கேரியர் பங்கசு ஒன்றைக் கண்டறிந்து, மயிர் உதிர்தலுக்கு அதுவே காரணமென அறிவித்தார். அவர் கண்ட பங்கசு உண்மையே. ஆனால் அது தலையிற் படரும் படர்தாமரைக்கு உரியது. இரு நோய்களும் ஒன்றாகக் குழப்பப்பட்டமையால், புழுவெட்டும் தொற்றுநோயெனும் கருத்து வலுப்பெற்றது. சபுரோ என்ற பேரறிஞரும் ஒரு காலத்திற் பற்றீரியாவே இதன் காரணமெனக் கருதிப் பின்னர் அதனைக் கைவிட்டார். மறுசாரார் நரம்புக் கோளாறே மூலமென வாதிட்டனர். 1902இல் ஜாக்கே என்பவர் பற்களின் கோளாற்றை மூலமாகக் காட்டினார்! தொற்றென்றால் நோயாளி விலக்கப்படுவார். நரம்பென்றால் அவரது கவலையே அவருக்கு வினையாயிற்று எனப்படுவார். எவ்வகையாலும் பழி நோயாளியின் தலைமீதே விழுந்தது. நரம்புக் கொள்கையின் எச்சம் இன்றும் நம்மிடையே உண்டு. திட்டுத் தோன்றிய ஒருவரிடம் 'யோசனை கூடிப்போச்சோ?' என்று கேளாதார் அரியர்.

முதல் உண்மையான திருப்பம் வேறொரு நோயின் வழியாக வந்தது. 1948இல் மூட்டுவாத நோயாளருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கோட்டிசோன் எனும் ஓமோன் வியத்தகு பயன் விளைத்தது. 1952இல் அமெரிக்காவில் டிலாகா, ரொத்மன் ஆகிய இருவரும் அதனைக் கடும் புழுவெட்டு நோயாளருக்கு வழங்கினர். மயிர் முளைத்தது. மருந்தை நிறுத்தியதும் பலருக்கு மீண்டும் உதிர்ந்தது. நீண்டகாலம் உட்கொண்டால் எலும்பு நலியும், முகம் உப்பும், நீரிழிவு தோன்றும் என்பன விரைவில் தெளிவாயின. சிறு திட்டுக்களுக்கு அவ்வினத்து மருந்தைத் தோலினுள் ஊசியாற் செலுத்தும் முறை மட்டும் இன்றுவரை நிலைத்துள்ளது.

அடுத்து வந்த முறை விந்தையானது. 1976இல் ஒவ்வாமை விளைக்கும் இரசாயனப் பொருளொன்றைத் தலையிற் பூசி, வேண்டுமென்றே தோலழற்சியை உண்டாக்கி மயிரை வளரச் செய்தனர். அப்பொருள் பற்றீரியாக்களில் விகாரங்களை உண்டாக்குவது தெரியவந்தமையால் வேறு பொருள்கள் நாடப்பட்டன. 1983இல் செருமனியரான கப்பிள் அறிமுகப்படுத்திய பொருளே பின்னர் பெருவழக்காயிற்று. திட்டின்மீது சின்னவெங்காயத்தை அறுத்துத் தேய்க்கும் நம்மவர் கைவைத்தியம் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. 2002இல் பக்தாத்து நகர ஆய்வாளர் வெங்காயச் சாற்றையும் வெறும் நீரையும் ஒப்பிட்டு, சாறு பூசியோரிற் பலருக்கு மயிர் முளைத்ததாக அறிவித்தனர். ஆய்வு சிறியது, திட்டுக்கள் தாமாகவே ஆறுவதும் உண்டு. எனினும் எரிவூட்டி மயிர் வளர்க்கும் கருத்து ஆய்வுகூடத்திற்கு மட்டும் உரியதன்று என்பது நோக்கத்தக்கது.

இவையெல்லாம் காரணம் அறியாது கையாண்ட முறைகள். காரணம் பின்னரே புலப்பட்டது. 1998இல் இசுரேலைச் சேர்ந்த கில்கார் குழுவினர், நோயாளரின் ரீ கலங்களை, சுண்டெலிமீது ஒட்டப்பட்ட மனிதத் தலைத்தோலிற் செலுத்தி, அத்தோலில் மயிர் உதிர்வதைக் காட்டினர். உடலைக் காக்கவேண்டிய கலங்களே உடலைத் தாக்குகின்றன என்பது இதனால் உறுதியாயிற்று. இயல்பாக மயிர்ப்புடைப்பு, அதாவது மயிர் பதிந்துள்ள நுண்குழி, உடலின் நிர்ப்பீடனக் காவலரின் கண்ணுக்குத் தப்பியே வளர்கின்றது. அம்மறைவு குலையும்போது ரீ கலங்கள் அதன் அடியைச் சூழ்ந்துகொள்கின்றன. ஆனால் புதிய மயிரைத் தோற்றுவிக்கும் மூலக்கலங்கள் அழிவதில்லை. பல்லாண்டு வழுக்கையாயிருந்த தலையிலும் மயிர் மீளக்கூடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இதுவே.

2010இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலா கிறிஸ்ரியானோ குழுவினர் 1,054 நோயாளரின் பரம்பரையலகுகளை நோயற்ற 3,278 பேரினவற்றோடு ஒப்பிட்டு, தாக்குதலை ஏவும் சைகைகளை இனங்கண்டனர். கிறிஸ்ரியானோவும் இந்நோய்க்கு ஆட்பட்டவரே. அச்சைகைகள் கலத்தினுள் ஜாக் எனும் நொதியங்களின் வழியாகச் செல்கின்றன. 1989 அளவில் அவற்றைக் கண்டறிந்த அவுஸ்திரேலியரான வில்க்சு, அவற்றின் இரட்டை அமைப்பை நோக்கி இருமுகம் கொண்ட உரோமத் தெய்வமான ஜானுசின் பெயரை இட்டார்.

இந்நொதியங்களைத் தடுக்கும் மருந்துகள் ஏலவே கைக்கெட்டியிருந்தன. ஆனால் புழுவெட்டுக்காக அல்ல. ருக்சோலிற்றினிப் 2011இல் என்புமச்சை நோயொன்றுக்கும், ரொபாசிற்றினிப் 2012இல் மூட்டுவாதத்திற்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டவை. 2014இல் யேல் பல்கலைக்கழக வைத்தியரான கிங், கிறெய்குளோ ஆகியோர், சொரியாசிசும் உடல் முழுதும் மயிரின்மையும் கொண்ட 25 வயது இளைஞர் ஒருவருக்கு ரொபாசிற்றினிப் கொடுத்தனர். எட்டு மாதத்துள் தலைமயிர், புருவம், இமைமயிர் யாவும் முளைத்தன. அதே ஆண்டு கொலம்பியாக் குழுவினர் ருக்சோலிற்றினிப் உட்கொண்ட மூவரிடத்தும் இத்தகைய பயனைக் கண்டனர். புருவமும் இமையும் அழகுக்கு மட்டும் உரியனவல்ல; அவையின்றேல் வியர்வையும் தூசியும் கண்ணினுள் விழும் என்பதை நோயாளரே நன்கறிவர்.

2022 யூன் மாதம் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் பரிசிற்றினிப் என்னும் மாத்திரையை அனுமதித்தது. கடும் புழுவெட்டுக்கென அங்கு அனுமதி பெற்ற முதல் உள்மருந்து இதுவாகும். தலையின் பாதியேனும் மயிரிழந்தோரைக் கொண்ட இரு பரிசோதனைகளில் முதலாவதில் 654 பேர் இடம்பெற்றனர். 36 வாரங்களின் பின், தலையின் ஐந்தில் நான்கு பங்கேனும் மயிர் பெற்றோர், 4 மில்லிகிராம் உட்கொண்டவருள் 38.8 வீதம்; போலி மாத்திரை உட்கொண்டவருள் 6.2 வீதம். பத்தில் ஆறுபேருக்கு அவ்வளவு பயன் கிட்டவில்லை என்பதும் இவ்வெண்ணின் மறுபக்கமாகும். 2023இல் 12 வயதுமுதல் உட்கொள்ளத்தக்க ரிற்லிசிற்றினிப்பும், 2024இல் டியூருக்சோலிற்றினிப்பும் தொடர்ந்தன. மூட்டுவாத நோயாளரிடையே ரொபாசிற்றினிப் இதயநோய், புற்றுநோய், குருதியுறைவு ஆகிய ஆபத்துக்களைக் கூட்டியமை கண்டறியப்பட்டதால், இவற்றின் உறைகளிலும் கடும் எச்சரிக்கை பொறிக்கப்பட்டுள்ளது. மூட்டுவாதத்தால் வருந்தும் முதியவர் ஏற்கும் ஆபத்தை மயிரிழந்த பதினைந்து வயதுச் சிறுமியும் ஏற்கலாமா என்பது எளிதில் விடுக்கத்தக்க வினாவன்று.

1952இன் பழைய இடரும் நீங்கவில்லை. 2016இல் வெளியான ஆய்வில், ரொபாசிற்றினிப்பை நிறுத்தியோருக்கு ஏறத்தாழ எட்டரை வாரங்களில் நோய் மீண்டது. ஆகவே மருந்து ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டும். அதன் விலையும் அவ்வாறே தொடரும். இங்கிலாந்திற் பொதுமருத்துவ சேவைக்கு மருந்துகளைப் பரிந்துரைக்கும் நிறுவனம், செலவுக்கேற்ற பயனில்லை எனக் கூறி 2023 ஒக்ரோபரிற் பரிசிற்றினிப்பை மறுத்தது. மருந்துக் கம்பெனி இரகசியமாக விலை குறைத்ததன் பின்னர், 2024 மார்ச்சில் ரிற்லிசிற்றினிப்பை 12 வயதிற்கு மேற்பட்ட கடும் நோயாளருக்கு வழங்கலாமென அதே நிறுவனம் பரிந்துரைத்தது.