புறாமலைக்குப் போகிறீர்களா?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளி. அங்கிருந்து படகில் ஒரு கிலோமீற்றர், புறாமலை. வரைபடங்களில் புறாத்தீவு. பாறை இடுக்குகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். பிரித்தானியர் இங்கு துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சி செய்தனர். 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது.

மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. வாடைக்காலத்தில் வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு தேவை. இரவு தங்கமுடியாது, நிலாவெளியில் தங்கி, காலையிலேயே படகேறுங்கள். சின்னத் தீவு, மதியத்தில் நெரிசல்தான்.

முருகைக்கற்களை மிதிக்காதீர்கள். உடைந்தது மீண்டும் வளரப் பல வருடங்கள் ஆகும். யுத்தகால மீன்பிடித்தடையிலும் 2004 ஆழிப்பேரலையிலும் நொடிந்த கரை இது. இன்று அதன் படகோட்டிகள் பலருக்கு அந்தக் கற்களைப் பார்க்க வருபவர்களால்தான் அடுப்பெரிகிறது.